வகுப்புத் தலைவர் (மெதடிஸ்த சபை)

வகுப்புத் தலைவர் என்பவர் மெதடிஸ்த சபையில் ஏறத்தாழ 12 பேர் கொண்ட ஒரு சிறு குழுவை வாரந்தோறும் சந்தித்து, ஒவ்வொருவருடைய ஆன்மிக நிலையையும் அன்றாட வாழ்க்கையையும் விசாரித்து அறியும் பொறுப்பை ஏற்ற சபை உறுப்பினர் ஆவார். இவர் போதகர் அல்லர். பெரும்பாலும் தம் பிழைப்புக்கு வேறு தொழில் செய்த சாதாரண மனிதர். இந்தப் பொறுப்பு 1742 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஒரு கட்டடக் கடனை அடைப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டிலிருந்து உருவானது. இன்று திருச்சபைகளில் சிறு குழு, செல் குழு, வீட்டு ஜெபக் குழு முதலிய பெயர்களில் நடைபெறும் கூட்டங்களை நடத்துவோர்க்குப் பயிற்சி அளிக்கும்போது, முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படும் அமைப்புகளுள் இதுவும் ஒன்று.

பெயர்

இங்கு வகுப்பு என்பது பள்ளிக்கூட வகுப்பைக் குறிப்பதன்று. 'கிளாஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலமாகிய இலத்தீன் சொல்லுக்குப் பிரிவு என்ற பொருள் உண்டு. தமிழிலும் வகுப்பு என்பது 'வகு' என்னும் வினையடியாகப் பிறந்த சொல்லே. ஒரு பெரிய சங்கத்தைச் சிறு சிறு பிரிவுகளாக வகுத்ததால் ஒவ்வொரு பிரிவும் வகுப்பு எனப்பட்டது. எனவே வகுப்புத் தலைவர் ஆசிரியர் அல்லர். அங்கே பாடம் எதுவும் நடத்தப்படவில்லை. இந்த வேறுபாடு வகுப்புத் தலைவரின் பணியைப் புரிந்துகொள்ள அடிப்படையானது.

பின்னணி

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791) இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1739 ஆம் ஆண்டில் ஜார்ஜ் விட்ஃபீல்டின் அழைப்பை ஏற்றுப் பிரிஸ்டல் சென்று, திறந்த வெளிகளில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். தேவாலயத்துக்குச் செல்லும் வழக்கமில்லாத தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கூடிக் கேட்டனர். கேட்டு மனம் மாறியவர்கள் சங்கங்களாக ஒன்று சேர்ந்தனர். அதே ஆண்டில் பிரிஸ்டலில் 'புதிய அறை' என்னும் கூடம் கட்டப்பட்டது.

சங்கங்கள் வளர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பிரசங்கம் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தது. ஆனால் கேட்டவர்களுள் யார் எப்படி வாழ்கிறார், யார் நோயுற்றிருக்கிறார், யார் மீண்டும் குடிப்பழக்கத்தில் விழுந்துவிட்டார் என்பதை அறிந்துகொள்ள வழியில்லை. வெஸ்லி ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். ஓர் ஊருக்கு மீண்டும் வருவதற்குள் பல வாரங்கள் கடந்துவிடும்.

அப்போது 'பேண்டு' எனப்பட்ட மிகச் சிறிய குழுக்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கான விதிகளை வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று வகுத்திருந்தார். ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும், மணமானவர் தனியாகவும் மணமாகாதவர் தனியாகவும் கூடி, தம் பாவங்களை ஒருவரோடொருவர் வெளிப்படையாக அறிக்கையிடுவது அவற்றின் முறை. இது எல்லோராலும் இயலக்கூடியதன்று. சங்கத்தில் உள்ள ஒவ்வொருவரையும் உள்ளடக்கக்கூடிய ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

தோற்றம்

1742 பிப்ரவரி 15 அன்று பிரிஸ்டல் சங்கத்தார், கூடம் கட்டியதால் ஏற்பட்ட கடனை எவ்வாறு அடைப்பது என்று ஆலோசித்தனர். கேப்டன் ஃபாய் என்பவர், கடன் தீரும்வரை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். சங்கத்தில் பலர் ஏழைகள், அவர்களால் அதுவும் இயலாது என்று மற்றொருவர் மறுத்தார். அதற்கு அவர், மிகவும் ஏழைகளான 11 பேரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், தாம் வாரந்தோறும் அவர்களிடம் செல்வதாகவும், அவர்களால் கொடுக்க முடியாவிட்டால் அவர்களுக்காகவும் தாமே கொடுத்துவிடுவதாகவும் கூறினார். பிறரும் தத்தம் அக்கம்பக்கத்தார் 11 பேரை இவ்வாறே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அந்த 11 பேரோடு வசூலிப்பவரையும் சேர்த்து 12 என்ற எண்ணிக்கை அமைந்தது.

பணம் வாங்கச் சென்றவர்கள் சில நாட்களில் வேறு செய்திகளுடன் திரும்பினர். ஒரு வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை. இன்னொரு வீட்டில் குடி. இவற்றைக் கேட்ட வெஸ்லி, தாம் நெடுநாள் தேடிக்கொண்டிருந்த வழி இதுவே என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு மார்ச் 25 அன்று இலண்டனிலும் பொறுப்பாளர்களைக் கூட்டி இம்முறையை ஏற்படுத்தினார். பிறகு இது மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் பரவியது.

கடன் வசூலுக்காக வந்த ஏற்பாடு, ஆத்துமாக்களை விசாரிக்கும் ஏற்பாடாக மாறியது. ஆயினும் பழைய வேலையின் இயல்புகள் மூன்று அதில் நிலைத்தன. ஒருவரையும் விட்டுவிடாமல் பெயர்ப் பட்டியலின்படி சந்திப்பது முதலாவது. வாரம் தவறாமல் சந்திப்பது இரண்டாவது. சந்தித்ததற்கு மேலிருப்பவரிடம் கணக்குக் கொடுப்பது மூன்றாவது.

வீட்டுச் சந்திப்பிலிருந்து கூட்டமாக மாறியது

தொடக்கத்தில் வகுப்புத் தலைவர் வீடு வீடாகச் சென்றார். விரைவில் இதில் நான்கு இடர்ப்பாடுகள் தெரிந்தன.

1. எல்லா வீடுகளுக்கும் செல்ல, பிழைப்புக்கு உழைக்க வேண்டிய தலைவர்களுக்கு நேரம் போதவில்லை.

2. உறுப்பினர்களுள் பலர் வேலைக்காரர்களாகப் பிறர் வீட்டில் தங்கியிருந்தனர். எசமானர்களும் உறவினர்களும் இத்தகைய சந்திப்பை அனுமதிக்கவில்லை.

3. அனுமதி கிடைத்த வீடுகளிலும் தனியாகப் பேச இடமில்லை. பிறர் கேட்டுக்கொண்டிருக்கையில் மனம் திறந்து பேச முடியவில்லை.

4. ஒருவர் மற்றொருவர்மேல் குறை கூறி, அவர் அதை மறுத்தால், இருவரையும் நேருக்கு நேர் வைத்து விசாரிக்க வாய்ப்பில்லை.

எனவே வகுப்பைச் சேர்ந்த அனைவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடும் முறை வந்தது. தலைவரின் வசதிக்காகச் செய்யப்பட்ட இந்த மாற்றம் எதிர்பாராத பயனையும் தந்தது. அதுவரை தலைவர் மட்டுமே ஒவ்வொருவரையும் அறிந்திருந்தார். இப்போது உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டனர், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமந்தனர்.

தலைவரின் கடமைகள்

1743 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பொது விதிகள் வகுப்புத் தலைவரின் கடமைகளைத் தெளிவாக வரையறுத்தன.

- வகுப்பில் உள்ள ஒவ்வொருவரையும் வாரத்துக்கு ஒருமுறையாவது சந்திக்க வேண்டும்.
- அவருடைய ஆத்தும நிலை எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.
- தேவைக்கேற்ப ஆலோசனை கூறவோ, கண்டிக்கவோ, ஆறுதல் சொல்லவோ, ஊக்கப்படுத்தவோ வேண்டும்.
- ஏழைகளுக்கு உதவுவதற்காக அவர் மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.
- வாரம் ஒருமுறை போதகரையும் சங்கத்தின் பொருள் பொறுப்பாளர்களையும் சந்தித்து, நோயுற்றவர்கள் யார், ஒழுங்கு தவறியவர்கள் யார் என்று தெரிவிக்க வேண்டும்.
- பெற்ற பணத்தை ஒப்படைத்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கைக் காட்ட வேண்டும்.

இப்பட்டியலில் போதிக்கும் கடமை இல்லை. வேதத்தை விளக்குவதும் பிரசங்கம் செய்வதும் வேறு கூட்டங்களின் வேலை. கண்டிப்பது ஒன்றாகவும் ஆறுதல் சொல்வது வேறொன்றாகவும் குறிக்கப்பட்டிருப்பதையும் காணலாம். யாருக்கு எது தேவை என்பதை ஒவ்வொருவரையும் அறிந்தவரே முடிவு செய்ய முடியும்.

சங்கத்தில் சேர விரும்புவோரிடம் நம்பிக்கை அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. பாவத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆனால் அவ்விருப்பம் உண்மையானதா என்பது, தீமை செய்யாதிருத்தல், நன்மை செய்தல், ஜெபம், திருவிருந்து முதலிய வழிபாட்டு முறைகளில் பங்குகொள்ளுதல் ஆகிய மூன்றிலும் வெளிப்பட வேண்டும். வகுப்புத் தலைவர் விசாரித்தது இவற்றையே.

கூட்டம் நடைபெற்ற முறை

கூட்டம் பாட்டுடனும் ஜெபத்துடனும் தொடங்கியது. பிறகு தலைவர் கடந்த வாரத்தில் தாம் எவ்வாறு இருந்தார் என்பதை முதலில் கூறுவார். தாம் சோதனையில் விழுந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வார். அதன் பின்பு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். அவர் கூறியதற்கு ஏற்ப ஓரிரு வார்த்தைகள் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் செல்வார். இறுதியில் காணிக்கை பெறப்பட்டு, வந்தோர் வராதோர் விவரம் குறிக்கப்பட்டு, ஜெபத்துடன் கூட்டம் முடியும்.

தலைவர் முதலில் பேசுவதற்குக் காரணம் உண்டு. அவர் தம் வெற்றிகளை மட்டும் சொன்னால் மற்றவர்களும் அதையே சொல்வார்கள். அவர் தம் தவறை ஒப்புக்கொண்டால் மற்றவர்களும் துணிந்து பேசுவார்கள். கூட்டத்தின் உண்மைத்தன்மை எந்த அளவுக்குச் செல்லும் என்பதைத் தலைவரின் முதல் சில நிமிடங்களே தீர்மானித்தன.

தலைவர்களாக இருந்தோர்

வகுப்புத் தலைவர்களை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வெஸ்லியோ அவர் பெயரால் செயல்பட்ட போதகரோ நியமித்தனர். உயர்கல்வி இதற்குத் தகுதியாகக் கருதப்படவில்லை. கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த வில்லியம் கார்வோசோ (1750–1834) மீன்பிடித் தொழிலும் விவசாயமும் செய்தவர். 60 வயதைக் கடந்த பிறகே எழுதக் கற்றார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் வகுப்புத் தலைவராக இருந்த அவருடைய நினைவுக் குறிப்புகள் 1835 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து, மெதடிஸ்தரிடையே பரவலாக வாசிக்கப்பட்டன.

பெண்களும் வகுப்புத் தலைவர்களாக இருந்தனர். பெண்கள் பிரசங்கபீடத்தில் ஏற முடியாதிருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்கது. சாரா கிராஸ்பி என்பவர் 1761 பிப்ரவரியில் டெர்பி நகரில் வகுப்பு நடத்தச் சென்றார். சுமார் 30 பேரை எதிர்பார்த்திருந்தார். ஏறத்தாழ 200 பேர் வந்திருந்தனர். அத்தனை பேரையும் தனித்தனியே விசாரிப்பது இயலாததால், அனைவருக்கும் பொதுவாக அறிவுரை கூறினார். இது பிரசங்கம் செய்ததாகிவிடுமோ என்று அஞ்சி வெஸ்லிக்கு எழுதினார். அவர் வரம்பு மீறவில்லை என்று வெஸ்லி பதில் எழுதினார். மெதடிஸ்த இயக்கத்தில் பெண்கள் பிரசங்கம் செய்வதற்கு வழி திறந்த நிகழ்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இதே நிகழ்வு வகுப்பின் எல்லையையும் காட்டுகிறது. 12 பேரிடம் விசாரிக்கலாம். 200 பேரிடம் பேசத்தான் முடியும். எண்ணிக்கை கூடியதும் பணியே வேறொன்றாக மாறிவிடுகிறது.

சீட்டும் ஒழுங்கு நடவடிக்கையும்

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெஸ்லியோ அவருடைய உதவியாளரோ வகுப்புகளைச் சந்தித்து, ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவர் பெயர் எழுதிய வகுப்புச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தனர். சீட்டு உள்ளவர்க்கே சங்கத்தின் தனிக் கூட்டங்களில் இடம். ஒருவருக்குச் சீட்டுப் புதுப்பிக்கப்படாவிட்டால் அவர் உறுப்பினர் அல்லர் என்பது பொருள். சபை நடுவில் பெயர் சொல்லி அவமானப்படுத்தாமலே ஒருவரை நீக்க இது வழிசெய்தது.

நீக்கம் அரிதானதன்று. 1743 மார்ச் மாதம் நியூகாசில் சங்கத்தில் நீக்கப்பட்ட 64 பேரின் கணக்கை வெஸ்லி தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். குடிப்பழக்கத்துக்காக 17 பேர், சண்டை சச்சரவுக்காக 3 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர் என்று அது செல்கிறது. மிகப் பெரிய எண்ணிக்கையாகிய 29 பேர் குறிப்பிட்ட குற்றம் எதற்காகவும் அன்றி, அக்கறையின்மைக்காக நீக்கப்பட்டனர்.

இந்த அதிகாரம் தவறாகப் பயன்படக்கூடியது. தலைவர் தமக்குப் பிடிக்காதவர்மேல் குறை சொல்லவும், நம்பிக் கூறப்பட்டதை வெளியே பேசவும் வாய்ப்பு இருந்தது. இதற்குச் சில தடுப்புகள் இருந்தன. தலைவர் செய்தியைத் தெரிவிக்கலாம். நீக்குவது அவர் கையில் இல்லை. தவறியவரை முதலில் எச்சரித்து, சில காலம் பொறுத்திருந்து, அதன் பிறகும் மனந்திரும்பாவிட்டால் மட்டுமே நீக்க வேண்டும் என்று பொது விதிகள் கூறின. தலைவரும் தாம் விசாரிக்கப்படுவதிலிருந்து தப்பவில்லை.

விமர்சனங்கள்

தொடக்க காலத்திலேயே இம்முறைக்கு எதிர்ப்பு எழுந்தது. வேதத்தில் வகுப்பு என்பது இல்லையே என்று சிலர் கேட்டனர். இது கட்டளையன்று, காலத்துக்கேற்ற நடைமுறை உதவி மட்டுமே என்று வெஸ்லி பதிலளித்தார். தலைவர்களுக்கு இப்பணிக்கான தகுதி இல்லை என்பது மற்றொரு குறை. அவர் அதை முற்றிலும் மறுக்கவில்லை. இத்தகைய தலைவர்களாலும் நன்மை விளைந்திருக்கிறது என்றார். மிகவும் தகுதியற்றவர் யாரேனும் இருந்தால் தமக்குத் தெரிவிக்கும்படியும், அவரை மாற்றிவிடுவதாகவும் கூறினார். செவ்வாய்க்கிழமை இரவுகளில் தலைவர்களைக் கூட்டி ஆலோசனை கூறும் வழக்கம் இருந்ததையும் சுட்டிக்காட்டினார். தலைவர்களுக்கான பயிற்சி, பணிக்கு முன்பு அல்லாமல் பணியோடு சேர்ந்தே நடந்தது.

சரிவு

அமெரிக்காவின் குடியேற்றப் பகுதிகளில் போதகர்கள் குதிரையில் நீண்ட சுற்றுப்பயணம் செய்தனர். அவர்கள் வராத வாரங்களில் சபையைக் காத்தவர்கள் வகுப்புத் தலைவர்களே. ஆனால் 19 ஆம் நூற்றாண்டில் இம்முறை படிப்படியாகத் தளர்ந்தது. தெற்குப் பகுதியின் மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் சபை, வகுப்புக்கு வருவது கட்டாயம் என்ற விதியை 1866 ஆம் ஆண்டில் நீக்கியது.

இச்சரிவுக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஊர்களில் நிலையாகத் தங்கிய போதகர்கள் வந்ததும், விசாரிக்கும் பணி அவர்களுடையது என்ற எண்ணம் வளர்ந்தது. ஞாயிறு பள்ளியும் ஜெபக் கூட்டமும் மாற்றாக அமைந்தன. வசதி பெருகிய குடும்பத்தார் பிறர் முன்னிலையில் தம் வாழ்க்கையைப் பேசத் தயங்கினர். வாரப் பென்னி உறுப்பினர் கட்டணம் போலாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வியும் பதிலும் சடங்காக மாறின. ஒவ்வொருவரும் பழகிப்போன அதே சாட்சியை வாரந்தோறும் கூறினர். தலைவரும் அதே பதிலைச் சொன்னார். விசாரணை நின்ற இடத்தில் சிலர் சிறு பிரசங்கம் செய்யத் தொடங்கினர். கூட்டம் தொடர்ந்தது, ஆனால் அதன் நோக்கம் மறைந்துவிட்டது.

பிற்காலத் தாக்கம்

இம்முறை சபைக்கு வெளியிலும் பரவியது. பிரிட்டனில் தொழிலாளர்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்டு இயக்கத்தினர், 1840களில் தம் உறுப்பினர்களைச் சிறு வகுப்புகளாகப் பிரித்து, தலைவர் வழியாக வாரம் ஒரு பென்னி சேர்த்தனர்.

மெதடிஸ்த மிஷனரிகள் 1814 ஜூன் மாதம் இலங்கையின் காலி துறைமுகத்தில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழரிடையே பணியைத் தொடங்கினர். 1817 இல் ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை சென்றார். தென்னிந்தியாவில் பிரிட்டிஷ் மெதடிஸ்தரின் பணியால் உருவான சபைகள் 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் உள்ள அன்பியங்கள் வேறு வரலாறு உடையவை. அவை இலத்தீன் அமெரிக்காவில் வலுப்பெற்ற அடிப்படைக் கிறிஸ்தவ சமூகங்களின் வழியில் வந்தவை. எனினும் அக்கம்பக்கத்தில் வாழும் குடும்பங்களை ஒன்றுசேர்ப்பதில் அவை பிரிஸ்டல் வகுப்புகளை ஒத்துள்ளன.

இன்றைய குழுக்களுடன் ஒப்பீடு

இன்றைய சிறு குழுக்களில் பெரும்பாலும் வேதபாடமே மையமாக உள்ளது. தலைவர் பாடத்தைத் தயாரித்து வந்து விளக்குகிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள் அல்லது கலந்துரையாடுகிறார்கள். வீட்டு ஜெபக் கூட்டங்களில் பல இடங்களில் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து செய்தி கொடுக்கச் செய்வதும் உண்டு. இதில் கற்றுக்கொள்ளுதல் நடைபெறுகிறது. ஆனால் மூன்று வாரமாக வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்பது யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக இருப்பதில்லை.

பிரிஸ்டல் முறையில் அது ஐயத்துக்கு இடமின்றித் தலைவரின் பொறுப்பு. வராதவரைத் தேடிச் செல்வது, வந்தவரைப் பேசவிடுவது, தாம் முதலில் உண்மை பேசுவது, கேட்டதைக் காப்பது, தம் பணிக்குப் பிறரிடம் கணக்குக் கொடுப்பது ஆகிய ஐந்தும் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டன. கொடுக்க இயலாதவர்களுக்காகத் தாமே கொடுப்பதாகச் சொன்ன கேப்டன் ஃபாயின் ஏற்பாட்டில், மிகவும் ஏழையான உறுப்பினர் பட்டியலின் கடைசியில் அல்ல, முதலில் இருந்தார். சிறு குழுவை நடத்துவோர் இந்த முறையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவற்றுள் இதுவும் ஒன்று.